பதிவேட்டுக்கு வெளியே உழைப்பவர்கள்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

சென்ற இதழில் வளர்ச்சி விகிதத்தைப் பற்றி எழுதியபோது, உலகில் வேலை செய்பவர்களில் பத்துக்கு ஆறு பேர் முறைசாராப் பொருளாதாரத்தில்தான், அதாவது பதிவோ பாதுகாப்போ இல்லாத தொழில்களிலும் வேலைகளிலும்தான் பிழைக்கிறார்கள் என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தேன். கட்டுரையின் மற்றப் பகுதிகளை விட்டுவிட்டு, அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டே இம்முறை பெரும்பாலான கடிதங்கள் வந்திருக்கின்றன. ஆகவே இந்த இதழின் கேள்வி பதில் பகுதி முழுவதையும் அதற்கே ஒதுக்கிவிட்டோம்.

மதுரை வாசகர்: முறைசாராப் பொருளாதாரம் என்றால் கறுப்புப் பணம் புழங்கும் பொருளாதாரம் என்று பொருளா? கள்ளக்கடத்தலும் தெருவோர இட்லிக் கடையும் ஒரே கணக்கில் வருமா?

வராது. கள்ளக்கடத்தலில் சரக்கே சட்டத்துக்குப் புறம்பானது. இட்லிக் கடையில் இட்லி மீது எந்த வழக்கும் இல்லை. கடைதான் எந்தப் பதிவேட்டிலும் இல்லை. கறுப்புப் பணம் பெரும்பாலும் பதிவுபெற்ற, பெயர்ப்பலகை வைத்த, தணிக்கையாளர் கையெழுத்திட்ட தொழில்களிலிருந்து கணக்கில் காட்டாமல் ஒதுக்கப்படும் பணம். இட்லி சுடுபவரிடம் ஒதுக்கி வைக்க என்ன இருக்கிறது?

இந்தச் சொல் பிறந்த இடத்தைச் சொன்னால் பொருள் தெளிவாகும். 1960களின் பிற்பகுதியில் கீத் ஹார்ட் என்ற பிரிட்டிஷ் மானிடவியலாளர், கானா நாட்டின் தலைநகரான அக்ராவில் நீமா என்னும் குடிசைப் பகுதியில் தங்கி ஆய்வு செய்தார். வடக்கிலிருந்து பிழைக்க வந்த ஃப்ராஃப்ரா மக்கள் அங்கே நிறைய இருந்தார்கள். அவர்கள் சும்மா இல்லை என்பதையும், ஒரே ஆள் காலையில் ஒரு வேலை, மாலையில் ஒரு வியாபாரம், இடையில் ஒரு கைமாற்று என்று மூன்று வழிகளில் சம்பாதிப்பதையும் அவர் பார்த்தார். வேலையின்மை என்று வல்லுநர்கள் பெயரிட்டிருந்த இடத்தில் ஓய்வில்லாத உழைப்பு நடந்துகொண்டிருந்தது. அந்த உழைப்பின் வருமானத்துக்கு அவர் வைத்த பெயர்தான் 'முறைசாரா'. 1972இல் கென்யாவுக்குச் சென்ற பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் குழு தன் அறிக்கையில் அதே சொல்லை எடுத்தாண்டது; அதன்பின் அது உலகம் முழுவதும் பரவியது. கென்யர்களிடம் அதைவிட நல்ல சொல் ஒன்று உண்டு. தகரத்தைத் தட்டிப் பாத்திரமும் டிரங்குப் பெட்டியும் செய்யும் பட்டறைக்காரர்களை அவர்கள் 'ஜுவா காலி' என்பார்கள். சுவாஹிலி மொழியில் அதற்குச் சுட்டெரிக்கும் வெயில் என்று பொருள். கூரை இல்லாத பட்டறை என்பதைச் சொல்ல வேறென்ன வேண்டும்?

தமிழில் நாம் 'அமைப்புசாரா' என்றும் 'முறைசாரா' என்றும் மாற்றி மாற்றி எழுதுகிறோம். இரண்டு செய்திகளைப் பிரித்துப் பார்ப்பது நல்லது. ஒன்று, பதிவில்லாத தொழில். மற்றொன்று, பாதுகாப்பில்லாத வேலை. பதிவுபெற்ற பெரிய ஆலைக்குள்ளேயே ஒப்பந்தக்காரர் மூலம் வந்து, பிஎஃப் என்னும் வைப்பு நிதி இல்லாமல், இஎஸ்ஐ என்னும் தொழிலாளர் காப்பீடு இல்லாமல், நாளை வரலாமா என்று தெரியாமல் வேலை செய்பவரும் முறைசாராத் தொழிலாளர்தான். பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 2018இல் வெளியிட்ட கணக்கின்படி இவ்விரு வகையினரும் சேர்ந்து 200 கோடிப் பேர், அதாவது உலகில் வேலை செய்வோரில் 61 விழுக்காடு. ஆப்பிரிக்காவில் மட்டும் எடுத்தால் ஏறக்குறைய 86 விழுக்காடு.

கோவைக் கல்லூரி மாணவி: பொருளாதாரம் வளர வளர உபரி உழைப்பாளர்களை நவீனத் துறை உறிஞ்சிக்கொள்ளும் என்று எங்கள் பாடத்தில் இருக்கிறது. ஐம்பது, அறுபது ஆண்டுகள் கழிந்தும் அப்படி நடக்கவில்லையே, ஏன்?

உங்கள் பாடத்தில் இருப்பது ஆர்தர் லூயிஸ் 1954இல் எழுதிய கோட்பாடு. கரீபியத் தீவான செயின்ட் லூசியாவில் பிறந்தவர், பின்னாளில் நோபெல் பரிசு பெற்றவர், புதிதாக விடுதலை பெற்ற கானாவில் பிரதமர் இன்க்ருமாவுக்குப் பொருளாதார ஆலோசகராக இருந்தவர். வயலில் தேவைக்கு மேல் நிற்கும் ஆட்களும், துறைமுகத்தில் பெட்டி தூக்க ஓடிவரும் இளைஞர்களும், சில்லறை வியாபாரிகளும் ஒரு பெரிய நீர்த்தேக்கம் போல இருப்பார்கள். முதலாளிகள் இலாபத்தை மீண்டும் முதலிடும்போதெல்லாம் அந்தத் தேக்கத்திலிருந்து ஆட்கள் ஆலைக்குப் போவார்கள். ஒரு நாள் தேக்கம் வற்றும், அப்போது கூலி உயரும் என்பது அவர் சொன்னதன் சாரம்.

அது பொய்யென்று நான் சொல்ல மாட்டேன். தென்கொரியாவிலும் தைவானிலும் ஏறக்குறைய அப்படியே நடந்தது. வியட்நாம் இன்னும் அண்மைக்கால உதாரணம். 2001 டிசம்பரில் அமெரிக்காவுடனான வணிக உடன்பாடு நடைமுறைக்கு வந்ததும், வியட்நாம் சரக்குகள் மீதான அமெரிக்க இறக்குமதி வரி சராசரியாக 23 விழுக்காட்டிலிருந்து 3 விழுக்காட்டுக்கும் கீழே இறங்கியது. வரி அதிகமாகக் குறைந்த தொழில்களில், வீட்டோடு நடந்த சிறு தொழில்களை விட்டுப் பதிவுபெற்ற ஆலைகளுக்கு ஆட்கள் மாறியதைப் பின்னர் ஆய்வாளர்கள் கணக்கெடுத்துக் காட்டினார்கள். அந்தச் சிறு தொழில்கள் வளர்ந்து ஆலைகளாகவில்லை என்பதைக் கவனியுங்கள். அவற்றில் இருந்தவர்கள் வேறிடத்துக்கு வேலைக்குப் போனார்கள்.

இதற்கு எதிர்ப்பக்கத்தில் தென்னமெரிக்க நாடான பெரு நிற்கிறது. 2002 தொடங்கிப் பத்தாண்டுகளுக்கு மேல் அந்நாடு ஆண்டுக்கு ஏறக்குறைய 6 விழுக்காடு வளர்ந்தது. வறுமையும் வெகுவாகக் குறைந்தது. ஆனாலும் இன்றுவரை அங்கு வேலை செய்பவர்களில் பத்துக்கு ஏழு பேர் முறைசாராதவர்கள். செம்பும் தங்கமும் தோண்டி எடுத்து வளர்ந்த வளர்ச்சி அது. சுரங்கத்துக்கு இயந்திரம் வேண்டும், ஆட்கள் அவ்வளவாக வேண்டாம். இந்தியாவின் வளர்ச்சியும் தன் வழியில் அப்படித்தான். மென்பொருளும் வங்கியும் தொலைத்தொடர்பும் உற்பத்தி மதிப்பை உயர்த்திய அளவுக்கு வேலைகளை உயர்த்தவில்லை. ஆலைகளில் புதிதாக வந்த வேலைகளின் கதை இன்னொன்று. அர்ஜுன் சென்குப்தா தலைமையில் அமைந்த தேசிய ஆணையம் 2004-05ஆம் ஆண்டுக்கான கணக்கில், நாட்டின் 45.7 கோடி உழைப்பாளர்களில் 92 விழுக்காட்டினர் முறைசாராதவர்கள் என்று கண்டது. அதைவிட முக்கியமாக, அதற்கு முந்தைய ஐந்தாண்டுகளில் பதிவுபெற்ற நிறுவனங்களில் கூடிய வேலைகள் பெரும்பாலும் பாதுகாப்பில்லாத வேலைகளே என்றும் அது சொன்னது. லூயிஸ் எதிர்பார்த்தபடி ஆட்கள் ஆலை வாசலுக்கு வந்தார்கள். ஆனால் முறைசாராத் தன்மையும் அவர்கள் கூடவே உள்ளே நுழைந்துவிட்டது.

ஆகவே, எவ்வளவு வளர்ச்சி என்று கேட்பதோடு நிறுத்தாமல், எந்தத் தொழிலில், எத்தனை ஆட்களை எந்த ஏற்பாட்டில் வைத்து வந்த வளர்ச்சி என்றும் கேட்டுப் பாருங்கள். உங்கள் தேர்வுத்தாளில் இப்படி எழுதினால் மதிப்பெண் கிடைக்குமா என்பதற்கு நான் பொறுப்பல்ல.

திருப்பூர் வாசகர்: ஏழு மெஷின் போட்டு ஜாப் ஒர்க் எடுக்கிறேன். ஒன்பது பேர் வேலை செய்கிறார்கள். ஆர்டர் நெருக்கினால் பதினான்கு பேர் ஆவார்கள். பதிவு செய்து கணக்கில் வந்தால்தான் வளர முடியும் என்று கூட்டங்களில் பேசுகிறார்கள். உண்மையிலேயே எனக்கு என்ன கிடைக்கும்?

நேரடியாகக் கேட்டிருக்கிறீர்கள், நேரடியாகவே சொல்கிறேன். உங்களுக்குக் கிடைப்பது, உங்களிடம் வேலை கொடுப்பவர் யார் என்பதைப் பொறுத்தது.

பதிவு செய்தாலே வளர்ச்சி வந்துவிடும் என்ற கருத்தை உலகெங்கும் எடுத்துச் சென்றவர் பெரு நாட்டின் எர்னாண்டோ டி சோட்டோ. 1980களில் அவருடைய குழுவினர் லிமா நகரில் ஒரு சிறு தையல் பட்டறையைச் சட்டப்படி பதிவு செய்ய முயன்று, அலுவலகம் அலுவலகமாக அலைந்து, முடிக்க 289 நாட்கள் ஆனதாகப் பதிவு செய்தார்கள். சிவப்பு நாடாவை வெட்டிவிட்டால் ஏழைத் தொழில்முனைவோர் தாமாகவே முறைக்குள் வருவார்கள் என்பது அவர் வாதம். பல அரசுகள் அதை நம்பி, ஒற்றைச் சாளரம், ஒரே நாளில் பதிவு என்றெல்லாம் கொண்டுவந்தன. எதிர்பார்த்த கூட்டம் வரவில்லை.

ஏன் வரவில்லை என்பதை இலங்கையில் நடந்த ஒரு சோதனை அழகாகக் காட்டியது. கொழும்பிலும் கண்டியிலும் பதிவில்லாத சிறு தொழில் நடத்துபவர்களில் ஒரு பகுதியினருக்குப் பதிவு செய்யும் முறையை விளக்கி, கட்டணத்தையும் திருப்பித் தருவதாகச் சொன்னார்கள். அதனால் பதிவு கூடவில்லை. வேறு சிலரிடம், பதிவு செய்தால் 10,000 அல்லது 20,000 இலங்கை ரூபாய் தருவதாகச் சொன்னபோது ஐந்தில் ஒருவர் செய்தார். 40,000 என்றபோது ஏறக்குறைய பாதிப் பேர் செய்தார்கள். 2013இல் வெளியான அந்த ஆய்வின்படி அந்தத் தொகை, அவர்களில் நடுநிலையில் இருக்கும் ஒரு தொழிலின் இரண்டு மாத இலாபம். மீதிப் பேர் ஏன் செய்யவில்லை? பலருடைய தொழில் நடந்த இடத்துக்குச் சரியான பத்திரமோ வாடகை ஒப்பந்தமோ இல்லை. அது இல்லாமல் பதிவே முடியாது. உங்கள் ஷெட்டுக்கு வாடகை ஒப்பந்தம் எழுதித் தரச்சொன்னால் வீட்டுக்காரர் என்ன சொல்வார் என்பதை நீங்களே அறிவீர்கள். பதிவு செய்தவர்களுக்குப் பின்னாளில் சராசரி இலாபம் கூடியிருந்தது. ஆனால் கூர்ந்து பார்த்தால், விரல்விட்டு எண்ணத்தக்க சிலர் மிகவும் வளர்ந்ததால் கூடிய சராசரி அது. மற்றவர்கள் இருந்த இடத்திலேயே இருந்தார்கள்.

இப்போது உங்கள் கணக்குக்கு வருவோம். ஜாப் ஒர்க் சேவையாகக் கருதப்படுவதால், ஆண்டு வரவு 20 லட்ச ரூபாய் வரை ஜிஎஸ்டி பதிவு கட்டாயமில்லை. உங்களுக்குத் துணி தருபவர் ஏற்றுமதியாளராகவோ பெரிய கம்பெனியாகவோ இருந்தால், தான் கட்டிய வரியைக் கழித்துக்கொள்ள அவருக்கு உங்கள் பில் வேண்டும். அப்போது பதிவு உங்களுக்கு வேலையைக் கொண்டுவரும். உள்ளூர்ச் சந்தைக்குத் தைத்துக் கொடுக்கும் சிறு வியாபாரிதான் உங்கள் வாடிக்கையாளர் என்றால், பில் புத்தகம் உங்களுக்குச் செலவு மட்டுமே.

பத்துப் பேர் என்ற கோட்டைப் பற்றி நீங்கள் கடிதத்தில் எழுதாவிட்டாலும், ஒன்பது என்ற எண்ணில் அது தெரிகிறது. பத்தாவது ஆளோடு இஎஸ்ஐ வருகிறது. இருபதாவது ஆளோடு பிஎஃப் வருகிறது. முதலாளியின் பங்காக இஎஸ்ஐக்குக் கூலியில் 3.25 விழுக்காடும் பிஎஃபுக்கு 12 விழுக்காடும் போகும். பீஸ் ரேட்டில் பைசாக் கணக்குப் பார்க்கும் தொழிலில் இது சிறிய தொகை அன்று. ஒரே குடும்பம் இரண்டு பெயரில் இரண்டு ஷெட் போடுவதற்கும், பதினைந்து மெஷின் இருக்க வேண்டிய இடத்தில் எட்டும் ஏழுமாகப் பிரித்து வைப்பதற்கும் இந்தக் கோடுகள் ஒரு காரணம். ஆனால் அதையே முழுக் காரணமாகச் சொல்பவர்களை நான் நம்புவதில்லை. சீசன் முடிந்தால் அடுத்த ஆர்டர் வருமா என்று தெரியாதவர், சட்டமே இல்லாவிட்டாலும் நிரந்தரமாக ஐம்பது பேரை வைத்துக்கொள்ள மாட்டார். ஆர்டரின் ஏற்ற இறக்கத்தைப் பெரிய கம்பெனி உங்கள் தலையில் இறக்கி வைக்கிறது. நீங்கள் அதை அந்த ஐந்து தற்காலிக ஆட்களின் தலையில் இறக்குகிறீர்கள். வருத்தப்படாதீர்கள், உங்களைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை.

சேலம் வாசகி: என் அம்மா தள்ளுவண்டியில் காய்கறி விற்கிறார். தண்டலுக்குப் பணம் வாங்கித்தான் சரக்கு எடுக்கிறார். வங்கிக் கடன் கிடைத்தால் இப்படிப்பட்ட தொழில்கள் முன்னேறும் என்பது சரியா?

பாதி சரி. முதலில் தண்டலின் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். 10,000 ரூபாய்த் தண்டல் என்றால் ஆயிரத்தைப் பிடித்துக்கொண்டு 9,000 கையில் தருவார்கள். நாளைக்கு 100 ரூபாய் வீதம் 100 நாள் கட்ட வேண்டும். நூறு நாளுக்கு ஆயிரம் ரூபாய் வட்டி, அதாவது பதினோரு விழுக்காடு என்று தோன்றும். ஆனால் முதல் நாளிலிருந்தே அசல் கரையத் தொடங்கிவிடுவதால், சராசரியாக உங்கள் அம்மாவின் கையில் இருப்பது 4,500 ரூபாய்தான். அதற்கு நூறு நாளில் ஆயிரம் என்றால், ஆண்டுக்கு ஏறக்குறைய 80 விழுக்காடு. காலையில் 900 வாங்கி மாலையில் 1,000 கட்டும் வழக்கத்துக்கு ஆண்டுக் கணக்குப் போட்டால் எண் அச்சில் அடங்காது. 2003ஆம் ஆண்டின் தமிழ்நாட்டுக் கந்துவட்டித் தடைச் சட்டத்தைப் புரட்டினால், ஆங்கில வாசகங்களுக்கு நடுவே தண்டல், மீட்டர் வட்டி, கந்துவட்டி என்று நம் சொற்கள் அப்படியே உட்கார்ந்திருப்பதைக் காணலாம். தடை செய்வதற்குக்கூட வேறு சொல் கிடைக்கவில்லை.

இவ்வளவு வட்டி கட்டியும் வியாபாரம் எப்படி நடக்கிறது? சிறு முதலின் ஆதாயம் அவ்வளவு பெரியது என்பதுதான் விடை. இலங்கையிலேயே நடந்த, 2008இல் வெளியான முந்தைய ஆய்வு ஒன்றில், சிறு தொழில் நடத்துபவர்களுக்குத் திருப்பித் தரவேண்டாத உதவியாக 10,000 அல்லது 20,000 இலங்கை ரூபாய் கொடுத்துப் பார்த்தார்கள். போட்ட முதலுக்கு மாதம் 5 விழுக்காட்டை ஒட்டி, ஆண்டுக்கு 55 முதல் 63 விழுக்காடு வரை ஆதாயம் வந்தது. எந்தப் பெரிய கம்பெனியின் பங்கும் ஆண்டுதோறும் இதைத் தராது. வங்கி வட்டியில் அதே முதல் கிடைத்தால், தண்டல்காரருக்குப் போகும் பங்கு வீட்டுக்கு வரும். அந்த அளவில் உங்கள் கேள்விக்கு ஆம் என்பதே பதில். 2020 ஜூனில் 10,000 ரூபாய்க் கடனோடு தொடங்கிய சாலையோர வியாபாரிகளுக்கான ஸ்வநிதித் திட்டத்தை உங்கள் அம்மா பயன்படுத்தலாம். முதல் கடனை ஒழுங்காகக் கட்டினால் அடுத்தது கூடுதலாகக் கிடைக்கும்.

மறுபாதிதான் கடினமானது. அதே ஆய்வில் பெண்கள் நடத்திய தொழில்களில் சராசரி ஆதாயம் ஏறக்குறைய இல்லை என்று தெரிந்தது. பெண்களுக்கு வியாபாரம் தெரியாது என்று அவசரப்பட்டு முடிவு கட்டியவர்களும் உண்டு. பின்னாளில் அந்தத் தரவுகளை வீடுவாரியாகப் பிரித்துப் பார்த்தபோது, வீட்டில் இன்னொருவரும் தொழில் நடத்தினால் பெண்ணுக்கு வந்த பணம் அந்தத் தொழிலுக்குப் போய்விடுவதும், வீட்டின் ஒரே தொழில் பெண்ணுடையதாக இருந்தால் ஆணுக்கு நிகராக ஆதாயம் வருவதும் தெரியவந்தன. வண்டியின் முதலும் வீட்டுச் செலவும் ஒரே சுருக்குப்பையில் இருக்கும் நிலையை நீங்கள் பார்த்திருப்பீர்கள்.

இன்னொன்றும் உண்டு. தண்டல்காரர் விடியற்காலை நாலரை மணிக்கு மண்டி வாசலில் நிற்கிறார். வங்கி பத்து மணிக்குத் திறக்கிறது. ஒரு நாள் காய்ச்சலில் படுத்தால் தண்டல் தவணை தவறும். அந்தத் தவணைக்காக இன்னொரு தண்டல். கடன் மலிந்தால் வண்டி நன்றாக ஓடும். அதனால் மட்டும் வண்டி கடையாகிவிடாது. மருத்துவச் செலவும் பள்ளிக் கட்டணமும் சரக்குப் பணத்தில் கை வைக்காமல் இருந்தால்தான் அதற்கு வழி பிறக்கும்.

யாழ்ப்பாண வாசகர்: பதிவில்லாத தொழிலை மொத்த உள்நாட்டு உற்பத்தியில் எப்படிக் கணக்கிடுகிறார்கள்? வளர்ச்சி விகிதத்தை எந்த அளவுக்கு நம்பலாம்?

எப்போதாவது ஒரு முறை விரிவாகக் கணக்கெடுக்கிறார்கள். இடைப்பட்ட ஆண்டுகளில் ஊகிக்கிறார்கள். 2011-12ஐ அடிப்படை ஆண்டாக, அதாவது மற்ற ஆண்டுகளை ஒப்பிட்டு அளக்கும் ஆண்டாகக் கொண்ட இந்தியக் கணக்கு முறையில், முறைசாராத் துறையின் பல பகுதிகளுக்கு ஓர் ஆண்டின் ஆய்வை வைத்துக்கொண்டு, பின்வரும் ஆண்டுகளுக்குப் பதிவுபெற்ற துறையின் போக்கையே அளவுகோலாகப் பயன்படுத்தினார்கள். பெரிய கடை வளர்ந்தால் சின்னக் கடையும் வளர்ந்திருக்கும் என்ற அனுமானம் அது. சாதாரண ஆண்டுகளில் பெரிய தவறு நேராது. 2016 நவம்பர் 8 இரவு, இந்திய அரசின் அறிவிப்பால் புழக்கத்தில் இருந்த பணத்தின் மதிப்பில் 86 விழுக்காடு செல்லாமல் போனபோது நிலைமை வேறு. அட்டை தேய்க்கும் கடைக்கு ஆட்கள் போனார்கள். ரொக்கத்தில் மட்டும் விற்கும் கடைக்குப் போகவில்லை. ஒன்றின் ஏற்றமே மற்றொன்றின் இறக்கமாக இருந்த நேரத்தில், முன்னதை வைத்துப் பின்னதை அளந்தால் என்ன கிடைக்கும்?

ஆப்பிரிக்காவில் இதைவிடப் பெரிய திருத்தங்கள் நடந்தன. கானா 2010இல் அடிப்படை ஆண்டை மாற்றிக் கணக்கிட்டபோது பொருளாதாரம் 60 விழுக்காடு பெரிதாகத் தெரிந்தது. 1990ஆம் ஆண்டின் அடிப்படையிலேயே நெடுங்காலம் இருந்த நைஜீரியா 2014இல் திருத்தியபோது 89 விழுக்காடு கூடியது. ஒரே நாளில் தென்னாப்பிரிக்காவை முந்திக் கண்டத்தின் முதல் பொருளாதாரமானது. கைப்பேசிச் சேவையும் திரைப்படத் தொழிலும் எண்ணற்ற சிறு வணிகங்களும் அதுவரை சரியாக எண்ணப்படாமல் இருந்திருக்கின்றன. முந்தைய நாளைவிட அன்று லாகோஸ் சந்தையில் யாரும் ஒரு மரக்கால் அரிசிகூட அதிகம் வாங்கியிருக்க மாட்டார்கள். ஆகவே, காலாண்டு வளர்ச்சியின் தசமப் புள்ளியைப் பற்றி நடக்கும் சண்டைகளில் நான் கலந்துகொள்வதில்லை. பத்தாண்டுப் போக்கை நம்புகிறேன்.

சென்னையிலிருந்து ஓய்வுபெற்ற அரசு அலுவலர்: வரி கட்டுவதில்லை, நடைபாதையை அடைக்கிறார்கள். இவர்களை அப்புறப்படுத்தினால்தானே நகரமும் பொருளாதாரமும் ஒழுங்குபெறும்?

நடைபாதையில் நடக்க முடியவில்லை என்ற உங்கள் குறை நியாயமானது. முழங்கால் வலியோடு சாலையில் இறங்கி நடப்பவன் நானும்தான். ஆனால் வரி கட்டுவதில்லை என்பதை அப்படியே ஏற்பதற்கில்லை. வண்டிக்காரர் வாங்கும் எண்ணெயிலும் சோப்பிலும் கைப்பேசிக் கட்டணத்திலும் வரி இருக்கிறது; அதைக் கழித்துக்கொள்ள அவருக்கு வழியில்லை. சந்தைச் சுங்கம் தனி. யாருக்கும் ரசீது தராமல் வாங்கப்படும் மாமூல் அதற்கும் மேலே.

அப்புறப்படுத்திப் பார்த்த நாடு ஒன்று உண்டு. 2005 மே மாதம் ஜிம்பாப்வே அரசு, குப்பையை அகற்றுவோம் என்ற பொருள்படும் பெயரில் ஒரு நடவடிக்கையைத் தொடங்கி, ஹராரே முதலிய நகரங்களில் சந்தைகளையும் பட்டறைகளையும் குடிசைகளையும் இடித்துத் தள்ளியது. ஏறக்குறைய 7 லட்சம் பேர் வீட்டையோ பிழைப்பையோ இரண்டையுமோ இழந்ததாக ஐ.நா. தூதர் மதிப்பிட்டார். நகரம் ஒழுங்குபெறவில்லை, வியாபாரிகள் திரும்பி வந்தார்கள், இன்னும் ஏழைகளாக. துனிசியாவின் சிதி பூசித் ஊரில் 2010 டிசம்பர் 17 அன்று, தராசையும் சரக்கையும் பறிகொடுத்த முகமது பூஅசீசி என்ற பழ வியாபாரி தீக்குளித்ததும், நான்கு வாரங்களில் அந்நாட்டு அதிபர் நாட்டைவிட்டே ஓடியதும் உங்களுக்கு நினைவிருக்கும். ஒரு தராசுக்கு அவ்வளவு எடை இருந்தது.

நம் நாட்டில் 2014ஆம் ஆண்டின் சாலையோர வியாபாரிகள் சட்டம் நடுவழி ஒன்றைச் சொல்கிறது. ஒவ்வொரு ஊரிலும் விற்பனைக் குழு அமைய வேண்டும், அதில் குறைந்தது 40 விழுக்காடு வியாபாரிகளின் பிரதிநிதிகள் இருக்க வேண்டும், கணக்கெடுப்பு முடியும்வரை யாரையும் அகற்றக் கூடாது. நடைபாதையை எங்கே விட வேண்டும், கடையை எங்கே போடலாம் என்பதை அந்தக் குழு கூடி முடிவு செய்ய வேண்டும். அலுவலராக இருந்த தாங்கள், உங்கள் பகுதிக் குழு கடைசியாக என்று கூடியது என்று கேட்டு ஒரு மனு போடலாமே. எனக்கு அந்தப் பதிலைப் படிக்க ஆவலாக இருக்கிறது.

விழுப்புரம் வாசகர்: நான் கொத்தனார். மாதத்துக்கு ஒரு சைட், மேஸ்திரியும் மாறிக்கொண்டே இருப்பார். எனக்கு முதலாளி யார் என்றே தெரியாதபோது பாதுகாப்பு எங்கிருந்து வரும்?

முதலாளியைத் தேடாமல் வேலையிலிருந்தே பணத்தை எடுப்பது என்பதுதான் இதற்குக் கண்டுபிடிக்கப்பட்ட விடை. மும்பை முதலிய ஊர்களில் மூட்டை தூக்குபவர்களுக்கும் இதே சிக்கல். காலையில் ஒரு வியாபாரி, மதியம் ஒரு வியாபாரி. 1969இல் வந்த மகாராஷ்டிர மாத்தாடிச் சட்டப்படி, வியாபாரி கூலியையும் அதற்கு மேல் ஒரு தீர்வையையும் வாரியத்தில் கட்டிவிட வேண்டும். தொழிலாளி வாரியத்திடமிருந்து கூலி பெறுவார், தீர்வையிலிருந்து வைப்பு நிதியும் விடுப்புச் சம்பளமும் மருத்துவமும். தமிழ்நாட்டில் 1982இல் உடலுழைப்புத் தொழிலாளர் சட்டம் வந்தது; கட்டடத் தொழிலாளர் சங்கங்கள் நெடுநாள் போராடிய பிறகு 1994இல் கட்டுமானத் தொழிலாளர் நல வாரியம் அமைந்தது. 1996இல் நாடு முழுவதற்கும் சட்டம் வந்தது. கட்டுமானச் செலவில் 1 விழுக்காடு வரியாக வாங்கப்பட்டு வாரியத்துக்குப் போகிறது. நீங்கள் எந்த மேஸ்திரியிடம் வேலை செய்தீர்கள் என்பதை அந்தக் கட்டடம் கேட்பதில்லை.

தாய்லாந்து இன்னும் ஒரு படி மேலே போனது. எந்தத் தொழிலாளர் காப்பீட்டிலும் இல்லாதவர்களுக்கு, ஒரு முறை மருத்துவமனைக்குப் போனால் 30 பாத் கட்டினால் போதும் என்ற திட்டத்தை 2001இல் தொடங்கி, அடுத்த ஆண்டுக்குள் நாடு முழுவதும் விரித்தது. பணம் பொது வரியிலிருந்து வந்தது. முறைசாராதவர் முறைக்குள் வரட்டும், பிறகு பார்ப்போம் என்று அந்நாடு காத்திருக்கவில்லை. வளரும் நாடுகள் பின்பற்றத்தக்க வழி இதுதான் என்பது என் கருத்து. நல்ல வேலைகள் வருவதற்கு முப்பது ஆண்டு ஆகலாம், சாரத்திலிருந்து விழுந்தவரின் எலும்பு அதுவரை காத்திருக்காது.

உங்கள் பங்குக்குச் செய்யக்கூடியது ஒன்று உண்டு. வாரியத்தில் பதிவு பெற வயது 18 முதல் 60க்குள் இருக்க வேண்டும். கடந்த பன்னிரண்டு மாதங்களில் 90 நாட்கள் கட்டுமான வேலை செய்திருக்க வேண்டும். இந்த 90 நாளுக்கான சான்றில்தான் பலருடைய விண்ணப்பம் நின்றுவிடுகிறது, ஏனென்றால் சைட் முடிந்த பிறகு மேஸ்திரியைப் பிடிக்க முடியாது. ஒரு சிறிய நோட்டில் தேதி, இடம், மேஸ்திரியின் பெயர், கைப்பேசி எண் ஆகியவற்றை அன்றன்றைக்கு எழுதி, வாரக் கூலி வாங்கும் சனிக்கிழமையன்றே அவரிடம் கையெழுத்து வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். உங்களோடு வேலை செய்யும் சித்தாள்களிடமும் சொல்லுங்கள். அவர்களில் பெரும்பாலோர் பெண்கள், வாரியத்தில் அவர்களுக்கும் அதே உரிமை உண்டு.